வெட்டிவேரும் மண்வெட்டியும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, லண்டன் சட்டனில் நூற்றைம்பது பேருக்கு முன்னால் அவமானப்பட்டேன். கையில் மைக் வேறு.

எங்கள் கத்தோலிக்கப் பங்கில் பல நாட்டவர் விழா. நாட்டுக்கு ஒரு மேசை. ஹெயிட்டி மேசைக்கு ஒரே ஒரு ஆள் — மரிலீன். அறுபது வயதிருக்கும். ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. ஆங்கிலம் தட்டுத்தடுமாறி வரும். பிரெஞ்சு கடகடவென்று கொட்டும்.

"நீர் பாரிஸில பதினைஞ்சு வருஷம் இருந்தனீரெல்லோ? நீரே அவவை அறிமுகப்படுத்தும்" என்றார் அன்ரன் அண்ணை. மன்னார்க்காரர், விழாக் கமிட்டித் தலைவர். அவரும் பாரிஸில் இருந்தவர்தான். ஆனால் அவருடைய பிரெஞ்சு 'போன்ஜூர்' தாண்டியதில்லை.

தயாரிப்பு? பஸ்ஸில் வரும்போது போனில் தேடினேன். நிலநடுக்கம்... புயல்... வறுமை... ஆயுதக் கும்பல்... போதாதா? மைக்கைப் பிடித்து, குரலைத் தாழ்த்தி, அத்தனையையும் ஒப்புவித்தேன். "இந்தப் பாவப்பட்ட மக்களுக்காக ஒரு நிமிஷம் செபிப்போம்" என்று முடித்தேன். இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். எனக்கே என்னை நினைத்துப் பெருமை!

மரிலீன் மைக்கை வாங்கிப் பிரெஞ்சில் சொன்னார். "ஐயா, நான் இன்னும் சாகவில்லை."

அதை மொழிபெயர்க்க வேண்டியவனும் நான்தானே? மொழிபெயர்த்தேன். மண்டபம் சிரித்தது.

பிறகு அவர் மேசையில் இருந்ததை ஒவ்வொன்றாகக் காட்டினார். மலைக்கோப்பி. கொக்கோ. பழைய எண்ணெய்ப் பீப்பாயின் தகட்டை வெட்டித் தட்டிச் செய்த ஒரு சேவல் — இறகு இறகாக! "அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் எசமான்களைத் துரத்திவிட்டு உண்டாக்கிய நாடு எங்களுடையது. இதையல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்?" அதையும் மொழிபெயர்த்தேன். காது சுட்டது.

கடைசியாக, பழுப்பு நிறத்தில் ஒரு கட்டு வேரைத் தூக்கினார். "வெத்திவேர்" என்றார்.

பின்வரிசையில் அன்ரன் அண்ணை துள்ளி எழும்பினார். "எங்கட வெட்டிவேரெல்லோ! தமிழ்ச் சொல்லு! அவவுக்குச் சொல்லும்!"

விடுவேனா? இழந்த மானத்தை மீட்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா? வெட்டி எடுக்கிற வேர், அதனால் வெட்டிவேர். எங்கள் சொல்லைத்தான் உலகமே வாங்கி வைத்திருக்கிறது என்று விளாசினேன். தமிழர் பக்கம் பலத்த கைதட்டல்.

மரிலீன் தலையாட்டிக் கேட்டார். "சந்தோஷம். நீ எத்தனை தரம் வெட்டியிருக்கிறாய்?"

அதையும் மொழிபெயர்த்தேன். கைதட்டல் நின்றது.

அவருடைய அப்பா, நாட்டின் தெற்கே ஒரு மலைச்சரிவில் அதைப் பயிரிட்டவராம். சரிவு மண்ணை அந்த வேர்தான் பிடித்து வைத்திருக்குமாம். அவசரப்பட்டு முற்றுமுன் கிண்டினால் வாசமும் வராது. அடுத்த மழைக்கு மண்ணும் நிற்காது. நாங்கள் கடையில் விலையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிற வாசனைப் போத்தல்கள் பலவற்றில் அந்த மலையின் வேர்தான் மணக்கிறதாம்.

"நான் வெட்டினதில்லை" என்றேன். "ஊரில் நான் தோண்டியது ஒன்றே ஒன்று — பங்கர். குண்டு விழும்போது ஒளிந்துகொள்கிற குழி."

பகிடியாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மைக்கைக் கீழே இறக்கிவிட்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார். "அந்தக் குழியை வைத்து உன்னை யாராவது அறிமுகப்படுத்தினால் உனக்குப் பிடிக்குமா?"

இதை நான் மொழிபெயர்க்கவில்லை.

லண்டன் வந்த புதிதில் ஒரு மேலாளர் "இவர் பாவம், யுத்தத்திலிருந்து தப்பி வந்தவர்" என்று எல்லோருக்கும் என்னைக் காட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணக்கில் கெட்டிக்காரன் நான், சங்கீதம் படித்தவன்... ஒருவரும் கேட்கவில்லை. அதே வேலையைத்தானே இன்று நானும் பார்த்திருக்கிறேன்?

மைக்கில் மன்னிப்புக் கேட்டேன். மூன்று மொழியிலும். மரிலீன் வேர்க்கட்டை என் மூக்கருகில் பிடித்தார். முதல் மழை விழுந்த மண் மாதிரி ஒரு மணம்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் என் முதுகு தப்பியிருக்கும். ஆனால் மரிலீன் மறுபடியும் மைக்கை வாங்கிக்கொண்டார். அவர்கள் ஊரில் 'கொன்பிட்' என்று ஒன்று உண்டாம். ஒருவருடைய தோட்டத்தில் வேலையென்றால் அயலே திரண்டு வருமாம். மேளம் அடிப்பார்களாம், பாடுவார்களாம், ஒரே தாளத்தில் கொத்துவார்களாம். தோட்டக்காரர் சாப்பாடு போடுவாராம்.

அன்ரன் அண்ணைக்குப் பொறுக்கவில்லை. "இதுவும் எங்கட பழக்கம்தான்!"

மொழிபெயர்த்தேன். மரிலீனின் முகம் மலர்ந்தது. "அப்படியா? நம் பங்குக் கோயிலுக்குப் பின்னால் முள்ளுப் பற்றையாகக் கிடக்கிறது. வருகிற சனி, பத்து மணி. யார் யார் வருகிறீர்கள்?"

இருபது கைகள் உயர்ந்தன.

சனிக்கிழமை வந்தவர்கள் மூன்று பேர். மரிலீன் கொத்தினார். நான் கொத்தினேன். அன்ரன் அண்ணை ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் தாளம் போட்டார்.

பாரம்பரியத்தில் மேளம் அடிக்க எப்போதும் ஆளிருக்கிறது — மண்வெட்டி பிடிக்கத்தான் பஞ்சம்!