பதம் பார்க்கும் நாக்கு

கௌஸின் கையைச் சுற்றியிருந்த ரத்த அழுத்தப் பட்டை புஸ்ஸென்று தளர்ந்தது. தாதி எண்ணைப் பார்த்தாள். பட்டையைக் கழற்றி மற்றக் கையில் கட்டினாள். அப்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. பச்சை அங்கி மாட்டி, தலைக்குக் காகிதத் தொப்பி போட்டு, வலது கண்ணில் சொட்டு மருந்தும் விட்டு உட்கார வைத்த ஆளை, இன்றும் வீட்டுக்குத்தான் அனுப்பப் போகிறார்கள்.

நூற்று எண்பத்தாறு. இந்த அழுத்தத்தில் கண்புரையை எடுத்தால் உள்ளே ரத்தம் கசியலாம் என்றார் மருத்துவர். இரண்டாம் முறை இது. மூன்று வாரம் கழித்து இன்னொரு தேதி கொடுத்தார்கள். அன்றும் இறங்காவிட்டால் பெயர் வரிசையின் கடைசிக்குப் போய்விடும். எட்டு மாதம்கூட ஆகலாம்.

எட்டு மாதம் என்ற சொல் அவரை நாற்காலியில் இருக்கவிடவில்லை. எழுந்து வாசல்வரை போனார், திரும்பினார், மறுபடி போனார். இடது கண் சின்ன வயதிலேயே அடிபட்டு மங்கியது. வேலைக்கு இருந்தது வலது கண் ஒன்றுதான். அதிலும் இப்போது எல்லாம் ஆவி படிந்த கண்ணாடி வழியாகத் தெரிவதுபோல.

"உக்காருங்களேன். நடந்தா இன்னும் ஏறும்" என்றாள் மனைவி ஹாஜிரா.

"உக்காந்தாலும் ஏறுதே, என்ன செய்யச் சொல்ற?"

கௌஸ் தொண்டிக்காரர். முப்பது வயதில், தூரத்துச் சொந்தக்காரர் ஒருவருடைய கடையில் வேலை செய்யப் பெர்மிட்டில் கடல் கடந்து வந்தவர். பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைகளுக்கும் புடவைக்கடைகளுக்கும் நடுவே குறுகலான கடை அது: கச்சான், முந்திரி, பாதாம், பேரீச்சை, சாக்லேட். நிலக்கடலைக்கு அங்கே கச்சான் என்று பேர். கிள்ளானில் பிறந்த ஹாஜிராவைக் கட்டினார். நிரந்தரமாகத் தங்குவதற்கான சிவப்பு அடையாள அட்டை வந்தது. சொந்தக்காரர் ஊருக்குத் திரும்பியபோது கடை இவருடையதாயிற்று. இப்போது ஐம்பத்து நான்கு வயது. வாரத்தில் மூன்று நாள், கிள்ளான் பக்கம் பண்டமாரானில் வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் வறுப்பார். மற்ற நாட்களில் ரயிலேறிப் போய் விற்பார்.

வறுக்க அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பழைய முதலாளி வறுத்ததை வாங்கி விற்றவர். கௌஸ்தான் மூட்டை மூட்டையாகத் தீய்த்துப் பழகிக்கொண்டார். கொதிக்கும் மணலிலிருந்து ஒரு பருப்பை எடுத்து இரண்டாகப் பிளந்து உள்ளே பார்ப்பார். நடு வெள்ளையாக இருந்தால் இன்னும் பச்சை. ஓரம் பொன்னிறமாகி நடு இளமஞ்சளாக வந்தால் இறக்கிவிட வேண்டும். மீதியைச் சட்டிச் சூடே பார்த்துக்கொள்ளும். முழுக்கச் சிவக்கட்டும் என்று காத்திருந்தால் ஆறும்போது கசந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒன்றரை வருடம் பிடித்தது.

முதல் தடவை திருப்பி அனுப்பப்பட்டதிலிருந்து ஹாஜிரா சமையலில் உப்பை ஏறக்குறைய நிறுத்தியிருந்தாள். மாத்திரையை வேளை தவறாமல் கையில் எடுத்துக் கொடுத்தாள். ஆறு வாரம் உப்பில்லாக் கஞ்சி குடித்த மனிதருக்கு அழுத்தம் எப்படி ஏறும்? மருத்துவருக்கும் புரியவில்லை. உணவு ஆலோசகரைப் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார்.

உணவு ஆலோசகர் மலர்விழிக்கு முப்பது வயதுகூட இருக்காது. பேச்சு மட்டும் கறாராக இருந்தது.

"அங்கிள், ஒரு வாரம் வாயில போறது எல்லாத்தையும் எழுதிட்டு வாங்க. தண்ணி உட்பட. ஒன்னு விடக்கூடாது."

"விடமாட்டேன் டாக்டர்மா."

"நான் டாக்டர் இல்ல அங்கிள். பொய் எழுதினா கண்டுபிடிச்சிடுவேன், அவ்வளவுதான்."

கௌஸ் அன்றே ஒரு நோட்டு வாங்கினார். கண்ணுக்கு நெருக்கமாக வைத்துப் பெரிய பெரிய எழுத்தில் எழுதினார். காலை இடியாப்பம் மூன்று, தேங்காய்ப்பால் அரைக் கிண்ணம். பதினோரு மணி தே ஓ, பால் இல்லை, சீனி இல்லை. மதியம் சோறு, புளிக்குழம்பு, உப்பு இல்லை.

அந்த வாரம்தான் பரமேஸ்வரன் கடைக்கு வந்தார். ரயில் ஓட்டி ஓய்வுபெற்றவர். வெள்ளி தவறாமல் பாதாம் வாங்குபவர். விஷயத்தைக் கேட்டதும் கைப்பேசியை நீட்டினார்.

"பாய், இதைப் பாருங்க. கறுப்பு சாக்லேட் சாப்பிட்டா பிரஷர் இறங்குதாம். இதயத்துக்கும் நல்லதாம். நட்ஸும் நல்லதாம். ரெண்டையும் சேர்த்துச் செய்யறீங்க, உங்க கடையிலேயே மருந்து இருக்கு லா!"

"நெசமாவா அண்ணே?"

"நானா எழுதினேன்? ஆனா ஒன்னு சொல்லணும் பாய். கொஞ்ச நாளா உங்க கச்சான்ல உப்பு தூக்குது. என் வீட்டுக்காரி பேரப்பிள்ளைக்குக் கழுவிக் கொடுக்கறா."

உப்பு விஷயம் கௌஸின் காதில் ஏறவில்லை. சாக்லேட் ஏறிவிட்டது. தீபாவளிக்காக அவரே உருக்கித் தோய்த்த பாதாம் சாக்லேட் டின்னில் நிறைய இருந்தது. அன்று முதல் சாப்பாட்டுக்குப் பின் மூன்று. நோட்டில் ஓரமாகக் கோடு இழுத்து, 'மருந்து' என்று தலைப்புப் போட்டு, மாத்திரைக்குக் கீழே அதையும் எழுதினார்.

மலர்விழி நோட்டை முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். 'மருந்து' என்ற இடத்தில் அவள் உதடு துடித்தது, சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"இந்தச் சாக்லேட் கட்டியோட அட்டையில என்ன போட்டிருக்கு, பாத்தீங்களா?"

ஹாஜிரா கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினாள். மலர்விழி படித்தாள். "முதல்ல சீனி. ரெண்டாவது பாமாயில் கொழுப்பு. மூணாவதாத்தான் கொக்கோ தூள். அங்கிள், ஆராய்ச்சி செஞ்சது கொக்கோவை வச்சு. அதுலயும் பிரஷர் கொஞ்சூண்டுதான் இறங்குச்சு, எல்லாருக்கும் இறங்கல. உங்களது கொக்கோ வாசம் புடிச்ச சீனி."

"அப்ப கச்சானு?"

"அது நல்லதுதான். தினம் ஒரு கைப்பிடி சாப்பிடறவங்களுக்கு இதயநோய் குறைவா வருதுன்னு நிறைய பேரைப் பாத்துச் சொல்லியிருக்காங்க. ஆனா உப்பில்லாம. பிஸ்கட்டு, கேக்குக்குப் பதிலா. அதுக்கு மேல இல்ல." அவள் நோட்டைத் திருப்பினாள். "ஆமா, நீங்க கச்சான் வறுக்கறவரு. இதுல ஒரு இடத்துலகூட கச்சான் இல்லையே?"

கௌஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். "விக்கிற சாமானத் திங்கிற பழக்கம் எனக்கு இல்லம்மா. இருபத்தி நாலு வருஷமா கிடையாது."

"வறுபட்டுடுச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?"

"பிளந்து பாப்பேன். இப்பத்தான் கண்ணு தெரியலையே. வாயில போட்டுப் பதம் பாப்பேன்."

"எத்தனை தடவை?"

"அது... சட்டிக்கு எட்டு, பத்து. உப்புத் தண்ணி தெளிச்சுத்தானே வறுக்கறது, எறக்கின பெறவு உப்புக்கு ரெண்டு மூணு."

"பதம் பாத்துட்டுத் துப்பிடுவீங்களா?"

ஹாஜிரா மெல்லத் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். "என்னங்க... துப்புறதை நான் பாத்ததே இல்லையே."

"அது திங்கிறது இல்ல புள்ள. அது வேலை."

"உங்க வயித்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது அங்கிள்" என்றாள் மலர்விழி. "அடுத்து வறுக்கற அன்னிக்கு ஒன்னு செய்யுங்க. ஒவ்வொரு தடவை வாயில போடறப்பவும் அதே அளவு ஒரு கிண்ணத்துலயும் போடுங்க. வேற எதையும் மாத்தாதீங்க. சாயங்காலம் எடை போட்டுப் பாத்து எனக்குச் சொல்லுங்க."

அளந்து பார்க்கச் சொன்னது கௌஸுக்குப் பிடித்திருந்தது. தன் பக்கம்தான் நியாயம் என்று காட்டிவிடலாம். மறுநாள் காலையிலேயே கொட்டகையில் இறங்கினார். முதல் சட்டிக்குக் கிண்ணத்தின் அடி மறையவில்லை. "பாத்தியா?" என்றார் ஹாஜிராவிடம். மூன்றாம் சட்டியில் அடி மறைந்தது. எட்டாம் சட்டியில் பாதி. பன்னிரண்டாவதில் குவிந்து ஒரு முந்திரி உருண்டு கீழே விழுந்தது. ஹாஜிரா அதை எடுத்து மறுபடி உச்சியில் வைத்தாள்.

தராசில் இருநூற்று அறுபது கிராம். மலர்விழி போனில் கேட்டுவிட்டு, அந்தப் பருப்பில் மட்டும் ஒரு நாளைக்கு மொத்தமாக அனுமதித்த உப்பு ஏறக்குறைய முழுதும் இருக்கும் என்றாள். நாக்கு உப்புக்குப் பழகப் பழக இன்னும் கேட்கும். அதனால்தான் கடைச் சரக்கிலும் கூடிப்போயிருக்கிறது. "பிரஷர் கண்ணு ஆபரேஷனுக்கு மட்டும் தடை இல்ல அங்கிள். உள்ளுக்குள்ள இதயத்தைப் போட்டு இடிச்சிக்கிட்டே இருக்கு. வலிக்காது, அதான் தெரியல."

கௌஸ் அன்று முழுதும் கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வந்தார். கண் தெரியாததால் வாயில் போட்டார். வாயில் போட்டதால் அழுத்தம் ஏறியது. அழுத்தம் ஏறியதால் கண்ணில் அறுவை நடக்கவில்லை. செக்கு மாடு மாதிரி இத்தனை நாளும் இதைத்தான் சுற்றியிருக்கிறார்.

அறுவைக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான். தீபாவளி ஆர்டரோ அதற்குள் முடிய வேண்டும். அடுப்பை நிறுத்த முடியாது. மறுநாள் 'வாயில் போடமாட்டேன்' என்று சத்தியம் செய்துதான் தொடங்கினார். இரண்டாம் சட்டியில் மென்றுகொண்டிருந்தார். எப்போது போட்டார் என்று அவருக்கே தெரியவில்லை. ஹாஜிரா உள்ளே போய், கொரோனா காலத்தில் மிஞ்சிய முகக்கவசம் ஒன்றை எடுத்துவந்து காதில் மாட்டிவிட்டாள். அதன் பிறகு கை வந்து கவசத்தில் முட்டி நிற்கும். அரைமணி நேரத்தில் நான்கு முறை முட்டியது. ஐந்தாம் முறை கௌஸே எரிச்சலோடு கையை உதறினார்.

"சரி, பதம் யாரு பாக்கறது? நீதான் பாக்கணும். வா. உள்ள என்ன கலரு?"

"டீ கலரு."

"எந்த டீ? தே ஓவா, தே தாரேக்கா?"

"தே தாரேக்கு. பால் கொஞ்சம் தூக்கலா ஊத்தினது."

"ஓரமா, நடுவா?"

"எல்லாந்தான்."

"அய்யோ, எறக்கு எறக்கு! தீஞ்சுபோச்சு!"

"நீங்க ஒழுங்காக் கேட்டிருந்தா நான் ஒழுங்காச் சொல்லியிருப்பேன்!"

அந்தச் சட்டி வீணாயிற்று. அடுத்ததும் வீணாயிற்று. நான்காவதிலிருந்து ஹாஜிரா தானாகவே 'ஓரம் வந்துருச்சு, நடு இன்னும் வரல' என்று சொல்லத் தொடங்கினாள். உப்பை அளக்க ஒரு கரண்டி வந்தது. மலர்விழி சொன்னபடி பழைய அளவில் பாதி. உப்பு தெளிக்காமல் ஒரு டின் தனியாக எடுத்து வைத்தார்கள். காலையில் அதிலிருந்து ஒரு கைப்பிடியை ஹாஜிரா எண்ணி வைப்பாள். அதுதான் அவருக்கு நாள் முழுவதற்கும். முதல் வாரம் அது மரத்தூள் மாதிரி இருந்தது. பாதாம் சாக்லேட் டின்னைத் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை இரண்டு பேர் கச்சானில் உப்பில்லை என்று முகத்தைச் சுளித்துவிட்டுப் போனார்கள். பரமேஸ்வரன் மட்டும் அதில் இரண்டு பொட்டலம் வாங்கினார்.

அறுவை நாள் காலையில் கௌஸ் மருத்துவமனைக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விட்டார். பச்சை அங்கி, காகிதத் தொப்பி, சொட்டு மருந்து. கால் தானாக ஆடியது. ஹாஜிரா அவர் முழங்காலை அழுத்திப் பிடித்தாள். பட்டை இறுகியது. நூற்று அறுபத்தெட்டு. தாதி பத்து நிமிடம் பேசாமல் உட்காரச் சொன்னாள். அந்தப் பத்து நிமிடம் முடிவதற்குள் கடிகாரத்தை முப்பது தடவை பார்த்திருப்பார், முள் தெரியாவிட்டாலும். மறுபடி பட்டை.

"நூத்தி ஐம்பத்தி நாலு" என்றாள் தாதி. "உள்ள போகலாம்."

அடுத்த நாள் மருத்துவமனையில் கண்மூடியை எடுத்தார்கள். வெளிச்சம் சுளீரென்று வந்தது. நான்கு வாரம் புகை, தூசி, அடுப்பு எதுவும் கூடாது என்றார்கள். மாத்திரையையும் அந்தக் கைப்பிடி அளவையும் நிறுத்தக் கூடாது என்று மலர்விழி தனியாக வந்து சொல்லிவிட்டுப் போனாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்ததும், கடைக்குப் போக வேண்டிய சரக்கு இருந்த இடத்துக்குத்தான் நேரே போனார். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. ஒரு முந்திரி டின்னைத் திறந்தார். குனிந்து பார்த்தார். ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தார். வெளிறியது, பொன்னிறம், செம்பழுப்பு, காப்பித்தூள் நிறம், ஒன்றிரண்டு கரிக்கட்டை. ஒரே டின்னுக்குள் இத்தனை.

"இது நீ பாத்து எறக்குனதா?"

"இல்ல. அது ரெண்டு மாசத்துக்கு முந்தினது. நீங்க நாக்கால பாத்து எறக்குனது."

கௌஸ் ஒரு தாளை விரித்து டின்னைக் கவிழ்த்தார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாக வெயிலில் பிடித்துப் பார்த்துப் பிரிக்கத் தொடங்கினார்.

"இப்பத்தான் கண்ணைத் திறந்திருக்கு. செத்த நேரம் படுங்களேன்!"

"இதையா நான் ஜனங்களுக்குக் கொடுத்தேன்?" நிமிராமலே கையை நீட்டினார். "இன்னும் எத்தனை டின்னு இருக்கு? எல்லாத்தையும் கொண்டா."