தலைமேல் வந்த முப்பத்தொரு ஷெட்டுகள்

1. திட்டு என் ஏரியா

பஞ்சாயத்து ஆபீசில் வரி வசூலிக்கிற பில் கலெக்டராக நான் சேர்ந்த அன்றைக்குச் செக்ரெட்டரி என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. அளக்கிற டேப் ஒன்றையும் தடிமனான நோட்டு ஒன்றையும் மேஜையில் தள்ளிவிட்டு, "ஆத்துக்கு நடுவுல இருக்கற திட்டுதான் உன் ஏரியா. உனக்கு முன்னாடி மூணு பேர் போனாங்க. மூணு பேரும் டிரான்ஸ்பர் வாங்கிட்டு ஓடிட்டாங்க. நீ எத்தனை நாள்னு பாக்கலாம்" என்றார்.

"ரிடையர் ஆகற வரைக்கும் சார்" என்றேன்.

அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை. எனக்கும் அவரைப் பிடிக்கவில்லை. அந்த விஷயம் முதல் நாளே தீர்ந்துபோனது நல்லதுதான். அவர் பேசியதெல்லாம் கன்னடம். படிக்கிறவர்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. நான் பிறந்தது கொள்ளேகால் பக்கத்து ராமாபுரத்தில், மழையை நம்பின காட்டு விவசாயக் குடும்பம். வாக்கப்பட்டது மைசூர் மண்டி மொஹல்லாவில். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த பேக்டரியை அந்த வருஷம்தான் பூட்டினார்கள். வீட்டில் என் ஒரு சம்பளம், அதுவும் ப்ரொபேஷன் சம்பளம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், வேலை போனால் போகட்டும் என்று வீரம் பேசுகிற நிலைமையில் நான் இல்லை.

திட்டு என்பது காவிரிக்கு நடுவில் இருக்கிற ஒரு தீவு. நூற்றுச் சொச்சம் வீடுகள், பாலம் கிடையாது. மைசூரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் எங்கள் ஆபீஸ் இருக்கிற கரைக்குப் போய், அப்புறம் பஞ்சாயத்துப் பரிசலில் ஆற்றைத் தாண்ட வேண்டும். அங்கே பாதிப் பேர் எங்கள் கொள்ளேகால் பக்கத்திலிருந்து எப்போதோ வந்து குடியேறினவர்கள். பரிசல் ஓட்டுவது, மீன், மல்லிகைத் தோட்டம் என்று பிழைப்பு. தசராவுக்கு மைசூர் வருகிற கூட்டம் அங்கேயும் வந்து பரிசலில் சுற்றும். அந்தப் பத்து நாள் வருமானத்தில்தான் பொங்கல் வரைக்கும் அடுப்பு எரியும். ஆடியில் அணையைத் திறந்தால் பரிசலைக் கட்டிப்போட வேண்டியதுதான், காசு ஒன்றும் வராது.

நான் சேர்வதற்கு முந்தின தசராவில் அவர்களுக்கு நல்ல வருமானம். அது செக்ரெட்டரியின் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. "நல்லா சம்பாதிச்சிருக்காங்க. எல்லா வீட்டையும் புதுசா அள. வரி டிமாண்ட் ஏறணும்" என்றார்.

2. வட்டமாக ஒரு ஷெட்

சித்திரை வெயிலில் டேப்பும் கையுமாக, வற்றின ஆற்று மணலில் நடந்தே முதல்முறையாகத் திட்டுக்குப் போனேன். வீடெல்லாம் சின்னச் சின்ன ஓட்டு வீடு. ஆனால் பல வீட்டு வாசலில் நாலு கம்பு நட்டு, அதன்மேல் கறுப்பாகத் தார் பூசின வட்டக் கூரை. உள்ளிருந்து அண்ணாந்து பார்த்தால் மூங்கில் பின்னல். சுற்றிச் சாக்குப் படுதா. உள்ளே ஸ்டவ், ஒரு பெஞ்சு, மீன் வறுவல், டீ. மணலில் பிக்னிக் வருகிறவர்கள் நிழலுக்கு அங்கேதான் உட்காருவார்கள்.

முதல் ஷெட் மாதம்மா அக்காவுடையது. ஐம்பது வயசிருக்கும். புருஷன் போனபிறகு தானே துடுப்புப் போட்டுப் பிழைக்கிற பொம்பளை. "வாங்கம்மிணி, டீ குடிக்கிறீங்களா?" என்றாள்.

"இதென்னக்கா, ஷெட்டு வட்டமா இருக்குது?"

"ஆத்துக்காரங்க கட்டறதுங்க. எல்லாமே வட்டமாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டாள். வெயிலுக்கு முகம் துடைக்கிறாள் என்று நினைத்தேன். நான் ஒரு மக்கு.

குறுக்களவு எட்டடி, ஷெட் ஒன்று, வியாபாரம் நடக்கிறது, கமர்ஷியல் ரேட். அப்படியே எழுதினேன். இப்படி முப்பத்தொரு வீட்டில் முப்பத்தொரு ஷெட். கமர்ஷியல் என்றால் வீட்டு வரியைப் போல மூணு மடங்கு. செக்ரெட்டரி நோட்டைப் பார்த்துவிட்டு முதல்முறையாக எனக்கு நாற்காலி காட்டினார். லிஸ்ட் தாலுக்காவுக்குப் போனது. அங்கிருந்து அவருக்கு ஒரு பாராட்டுக் கடிதமும் வந்தது.

3. ஷெட்டைக் காணோம்

ஆடி பிறக்கப் போகிற சமயம் நோட்டீஸ் கொடுக்கத் திட்டுக்குப் போனேன். மாதம்மா அக்கா வீட்டு வாசல் வெறிச்சென்று கிடந்தது. கம்புகூட இல்லை. பக்கத்து வீட்டிலும் இல்லை.

"ஷெட்டெல்லாம் எங்கக்கா? பிரிச்சுப்புட்டீங்களா?"

அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் ஆற்றைக் கை காட்டினாள். "அக்கட்ட பாருங்க. உங்க ஷெட்டு மெதக்குது."

பரிசல்! கோடையில் ஆறு வற்றினதும் பரிசலைக் கரையேற்றி, அடிப்பக்கம் புதுசாகத் தார் பூசி, காய்வதற்காகக் கம்புமேல் கவிழ்த்து வைப்பார்களாம். கீழே நிழல் சும்மா கிடக்கிறதே என்று டீ போடுகிறார்கள். மூங்கில் பின்னலை அண்ணாந்து பார்த்த எனக்கு அது பரிசலின் வயிறு என்று தெரியவில்லை. ராமாபுரத்தில் நான் எங்கே பரிசலைக் கண்டேன்?

நோட்டீஸை நீட்டினேன். தொகையைப் படித்துச் சொன்னதும் அவளுடைய சிரிப்பு நின்றுவிட்டது. "அம்மிணி, நான் வெளையாட்டுக்குச் சொன்னனுங்க. ஓடத்துக்கு வூட்டு வரியா?" என்றாள். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது.

நேராக ஆபீசுக்குப் போய்ச் செக்ரெட்டரியிடம் சொன்னேன். "சார், தப்பு என்னுது. அதெல்லாம் பரிசல். திருத்திடலாம்."

"லிஸ்ட் மேல போயாச்சு."

"பரிசல் சார் அது, மெதக்குது!"

"எழுதினது எழுதினதுதான். பேசாம உன் வேலையைப் பாரு" என்றார். திருத்தச் சொல்லி நான் எழுதிக் கொடுத்த விண்ணப்பத்தை டிராயரில் போட்டு மூடினார்.

அந்த ஆடியில் அணையை முழுசாகத் திறந்துவிட்டார்கள். மூணு வாரம் திட்டுக்கு யாரும் போக முடியவில்லை. வெள்ளம் வடிந்து நான் போனபோது மல்லிகைத் தோட்டம் பூராவும் சேறு. செடி வேரோடு அழுகிக் கிடந்தது. பூ போச்சு, மீன் போச்சு, இனிமேல் தசரா ஒன்றுதான் என்று காத்திருந்தார்கள். ஏற்றம் வந்த வருஷம் வரியை ஏற்றத் தெரிந்த ஆபீசுக்கு, இறக்கம் வந்த வருஷம் இறக்கத் தெரியவில்லை.

ஷெட் வரியை யாரும் கட்டவில்லை என்று தசராவுக்கு எட்டு நாள் இருக்கையில் ஜப்தி ஆர்டர் டைப் ஆனது. "அங்க தூக்கறதுக்கு வேற என்ன இருக்கு? பரிசலைத் தூக்கு. தன்னால கட்டுவாங்க" என்றார் செக்ரெட்டரி.

பரிசல் போனால் தசரா போச்சு, தசரா போனால் அந்த வருஷமே போச்சு. அவருக்கு இது நன்றாகத் தெரியும்.

நான் திட்டுக்குப் போனேன். எல்லோரையும் கூப்பிட்டு ஆர்டரைச் சத்தமாகப் படித்தேன். படித்து முடித்து, "வியாழக்கிழமை எங்க ஆபீசுக்குத் தாலுக்காவுல இருந்து பெரிய ஆபீசர் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றாரு" என்று மட்டும் சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

4. வியாழக்கிழமை

காலை பதினோரு மணிக்கு ஆபீஸ் வாசலில் நாய்கள் குரைத்தன. எட்டிப் பார்த்தேன். ரோட்டில் கறுப்புக் கறுப்பாக ராட்சசக் காளான்கள் நடந்து வருகிற மாதிரி இருந்தது. முப்பத்தொரு பரிசலையும் ஆற்றைத் தாண்டிக் கொண்டுவந்து, தலைமேல் கவிழ்த்துத் தூக்கி வருகிறார்கள். முன்னால் மாதம்மா அக்கா. பஸ்காரன் ஹாரன் அடித்து ஓய்ந்து, இறங்கி வேடிக்கை பார்க்கிறான்.

"என்ன இது? என்னய்யா இது?" என்று கத்திக்கொண்டே செக்ரெட்டரி வெளியே ஓடினார்.

மாதம்மா அக்கா தன் பரிசலைப் படிக்கட்டில் தொப்பென்று இறக்கினாள். "இந்தாங்க சாமி, உங்க ஷெட்டு. ஜப்தி பண்ண வர்றீங்கன்னு சொன்னாங்க. உங்களுக்கு எதுக்குச் செரமம், நாங்களே கொண்டாந்துட்டோம்."

டீ டம்ளரோடு வெளியே வந்த தாலுக்கா ஆபீசர் பரிசலைப் பார்த்தார், லிஸ்டைப் பார்த்தார், மறுபடியும் பரிசலைப் பார்த்தார். "இதையா ஷெட்டுன்னு எழுதியிருக்கீங்க? யார் அளந்தது?"

"நான்தான் சார்" என்றேன்.

"பத்து நிமிஷத்துல எழுத்துல விளக்கம் வேணும்" என்று உள்ளே போய்விட்டார்.

செக்ரெட்டரி என்னை ரெக்கார்டு ரூமுக்குள் இழுத்துக்கொண்டு போனார். குரல் தேனாக இருந்தது. "இங்க பாரம்மா, ரெண்டே வரி எழுது. திட்டு ஜனங்க பொய் சொல்லி உன்னை ஏமாத்திட்டாங்கன்னு. அந்தப் பொம்பளை ஷெட்டுன்னு சொன்னா இல்ல? உன் ப்ரொபேஷன் தப்பிக்கும். அவங்க மேல அபராதம் போட்டு நான் பாத்துக்கறேன். உன் வீட்டுக்காரருக்கும் வேலை இல்லையாமே."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் யோசித்தேன். வாடகை, பால் பாக்கி, வீட்டில் பேப்பரில் வேலை விளம்பரம் தேடிக்கொண்டிருக்கிற மனுஷன், எல்லாம் கண் முன்னால் வந்தது. பயந்தேன்.

ஆனால் ஜன்னல் வழியாக வெளியே தெரிந்தது. திட்டு ஜனங்கள் தூக்கி வந்த பரிசல் நிழலிலேயே உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். என் முட்டாள்தனத்துக்கு இவர்கள் அபராதம் கட்டுவதா? கோபம் வந்ததும் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. எழுதினேன்: "அளந்தது நான். பரிசல் என்று தெரியாமல் அளந்தேன். யாரும் என்னை ஏமாற்றவில்லை. தவறு தெரிந்த அன்றே செக்ரெட்டரியிடம் சொன்னேன். என் விண்ணப்பம் அவர் டிராயரில் இருக்கிறது."

ஆபீசர் படித்துவிட்டு டிராயரைத் திறக்கச் சொன்னார். விண்ணப்பம் அங்கேயே இருந்தது. முப்பத்தொரு ஷெட்டையும் சிவப்பு மையில் அடித்தார். பரிசல்கள் மறுபடியும் தலையேறி ஆற்றுக்குப் போயின. அந்தத் தசரா அவர்களுக்குச் சுமாராக நடந்தது. சுமாராவது நடந்ததே!

5. எனக்குக் கிடைத்தது

செக்ரெட்டரிக்கு வேறு ஊருக்கு மாற்றல், அதுவும் வசதியான ஊருக்கு. எனக்கு மெமோ. ப்ரொபேஷன் ஒரு வருஷம் நீட்டிப்பு, ஒரு இன்கிரிமெண்ட் வெட்டு. அநியாயம்தான், இல்லை என்று சொல்லவில்லை.

கார்த்திகையில் திட்டுக்கு வசூலுக்குப் போனேன். ஆபீஸ் வழக்கப்படி மார்ச்சில் நெருக்குவதை விட்டுவிட்டு, கையில் காசு இருக்கிற மாசமாகப் பார்த்துப் போனது அதுதான் முதல் தடவை. வீட்டு வரி ஒரு வீடு பாக்கியில்லாமல் வந்தது. மாதம்மா அக்கா கசங்கின நோட்டுகளை எண்ணிக் கொடுத்துவிட்டு, "செரியா இருக்குதுங்களா?" என்றாள். புதுசாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வீட்டை அளப்பதற்கு முன்னால் அந்த ஊருக்கு எந்த மாசம் காசு வருகிறது, எந்த மாசம் வராது என்று கேளுங்கள்.

கொஞ்ச நாள் கழித்துப் புது செக்ரெட்டரி ஒரு யோசனை சொன்னார். மேலதிகாரி பேரை இழுத்து எழுதினதற்கு வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் கொடுத்தால், வெட்டின இன்கிரிமெண்டைத் திரும்பக் கொடுப்பார்களாம். நல்ல மனுஷன், என் நல்லதுக்குத்தான் சொன்னார். வெள்ளைத்தாளையும் அவரே கொடுத்தார்.

வாங்கி எழுதினேன்: "அளந்தது தவறு. அதற்கான தண்டனையை ஏற்கிறேன். தெரிந்தபின் சொன்னது தவறல்ல. அதற்கு வருத்தம் தெரிவிக்க மாட்டேன்."

இன்கிரிமெண்ட் வரவே இல்லை. இன்றைக்குத் தாளைக் கொடுத்தாலும் அதையேதான் எழுதுவேன்.