வாளியை எடுக்கச் சொன்ன பெரிய மனிதர்

சென்ற செவ்வாய்க்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போனேன். வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டை வரை பஸ், அங்கிருந்து டிராம். வழி முழுக்க என் முகத்தில் ஒரு சிரிப்பு. பக்கத்தில் இருந்தவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்.

சிரிக்காமல் என்ன செய்வது? நான் எழுதித் திருத்திய ஓர் ஆஸ்பத்திரியைப் பார்க்கப் போகிறேன்... சும்மாவா?

உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். ஆறேழு மாதங்களுக்கு முன் எனக்குப் பிடரியில் பிளவை வந்தது. கொட்டாஞ்சேனைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் பேயிங் வார்டில் பதினெட்டு நாள் குப்புறக் கிடந்தேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். குப்புறக் கிடப்பவனுக்குத் தரையைத் தவிர வேறு எதுவும் தெரியாது. அந்தத் தரையில் தினமும் காலை பதினொரு மணிக்கு ஒரு வாளி வந்து நிற்கும்.

எனாமல் வாளி. மூடி கிடையாது. மிஸி — நர்ஸ்மாரை நாம் அப்படித்தானே கூப்பிடுகிறோம் — கட்டில் கட்டிலாகப் புண்ணுக்கு மருந்து கட்டிக்கொண்டு வருவார். சீழ் ஊறிய பஞ்சு, பழைய கட்டுத் துணி, ஒடிந்த ஊசி, உடைந்த மருந்துக் குப்பி, எல்லாம் வாளிக்குள் போகும். ஊசி விழுந்தால் சத்தம் கேட்கும். பன்னிரண்டு மணிக்கு என் மனைவி கனகம் டிபன் காரியரோடு வந்துவிடுவாள். வாளி அப்போதும் அங்கேயே நிற்கும். ஒரு பக்கம் குரக்கன் பிட்டு, மறு பக்கம் ஊரார் சீழ். சாப்பாடு எப்படி இறங்கும்?

வீட்டுக்கு வந்த வாரமே எழுதினேன். இந்தப் பத்திரிகையின் இதே பக்கத்தில், இதே இடத்தில்தான். பணம் கட்டிப் படுத்திருக்கும் மனிதர்கள் பார்க்க வேண்டிய காட்சியா இது என்று கேட்டேன். அந்த வாளியைக் கண்ட நாளிலிருந்து என் நாக்கு செத்துப்போனது என்றும் எழுதினேன். நன்றாகத்தான் எழுதியிருந்தேன். நீங்களும் விழுந்து விழுந்து சிரித்துக் கடிதம் போட்டீர்கள்.

யாரோ ஒரு கிளார்க் அதை ஆங்கிலத்தில் பெயர்த்து ஆஸ்பத்திரியின் பெரிய டொக்டரிடம் கொடுத்திருக்கிறார். பத்து நாளில் எனக்கு அவரிடமிருந்து கடிதம் வந்தது. பேயிங் வார்டிலிருந்து வாளியை எடுத்தாயிற்றாம். இனி ஒவ்வொரு நோயாளியின் கழிவையும் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி, நூல் போட்டுக் கட்டி, கட்டிலின் கால்மாட்டில் வைத்துவிடுவார்களாம். கண்ணுக்கு எதுவும் தெரியாதாம். சுட்டிக்காட்டியதற்கு நன்றியாம்.

அந்தக் கடிதத்தை நான் எத்தனை பேருக்கு வாசித்துக் காட்டினேன் என்று கேட்காதீர்கள். கல்கிசையில் இருக்கும் கனகத்தின் தமையனுக்கு மட்டும் இரண்டு தரம்.

இப்போது புரிகிறதா, டிராமில் ஏன் சிரித்தேன் என்று?

வார்டுக்குள் நுழைந்தேன். அப்படி ஒரு சுத்தம். வாளி இல்லை, நாற்றமும் குறைவு. கட்டில்களின் கால்மாட்டில் கட்டுக் கட்டாகப் பார்சல்கள், புடவைக்கடையில் கட்டிக் கொடுத்தது போல. எனக்குத் தெரியாத ஒரு பெண் அவற்றை எடுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தாள். பிறகு மூக்கருகே கொண்டுபோனாள். சிலதைக் கூடையில் போட்டாள், சிலதைத் தனியாக வைத்தாள். இதென்ன புது வழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

முன்பு அந்த வேலையைச் செய்தவள் அங்கம்மா. ஜிந்துப்பிட்டிக்காரி. வார்டைக் கூட்டிக் கழுவுவதும், வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கத்துச் சூளையில் கொட்டி எரிப்பதும் அவள்தான். நான் எங்கள் பழைய மிஸியிடம் அங்கம்மா எங்கே என்று கேட்டேன். மானிப்பாய்ப் பக்கத்துப் பெண், நன்றாகக் கதைக்கக் கூடியவர். அன்றைக்கு என் முகத்தைப் பார்க்கவில்லை.

“அங்கம்மா கீழே இருக்கிறா. பொம்பிளையளின்ர இலவச வார்டில. வேலைக்கு இல்லை... நோயாளியா” என்றார்.

அங்கே போனேன். கட்டில் காலியில்லை என்று வராந்தாவில் பாய் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். வலது கையில் முழங்கை வரை கட்டு. என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தாள், முடியவில்லை.

“ஐயாங்களா? பொடனிப் புண்ணு ஆறிடுச்சுங்களா?”

இதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. ஆறிவிட்டது என்றேன். கைக்கு என்ன என்று கேட்டேன்.

அவள் சொன்னதை விளங்கிக்கொள்ள ஒரு வழக்கத்தை நீங்கள் தெரிந்திருக்க வேண்டும். பேயிங் வார்டில் நாங்கள் சாப்பிட்டு மிஞ்சிய சோற்றையும் கறியையும் கூட்டுகிற பெண்ணுக்குத்தான் கொடுப்போம். அரிசி கூப்பனுக்கு வந்துவிட்ட இந்த யுத்தக் காலத்தில், பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு அது பெரிய காரியம். கொடுப்போம் என்றா சொன்னேன்? இல்லை. பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி, கட்டிலின் கால்மாட்டில் வைத்துவிடுவோம். அவள் வந்து எடுத்துக்கொள்வாள்.

அதே தாள், அதே நூல், அதே கால்மாடு. பெரிய டொக்டர் என் எழுத்தை மதித்துப் போட்ட புதிய ஒழுங்கும் அதுவேதான்!

“சோத்துப் பார்சலும் அப்பிடித்தான் இருக்கும், மருந்துப் பார்சலும் அப்பிடித்தான் இருக்கும்” என்றாள் அங்கம்மா. “கனத்தைப் பார்த்துக் கண்டுபிடிச்சிருவேன். அன்னிக்கு ரெண்டும் ஒரே கனமா இருந்துச்சு. பிள்ளைங்க சாப்பிடுறது இல்லீங்களா... எதுக்கும் பார்த்துருவோம்னு விரலை விட்டேன்.”

உள்ளே ஓர் ஒடிந்த ஊசி இருந்தது.

வாளி இருந்த காலத்தில் அதற்குள் கை விட யாருக்காவது ஆசை வருமா? அது அருவருப்பாக இருந்தது. அதனால்தான் எல்லாரும் விலகி நின்றார்கள். அங்கம்மாவும் பிடியை மட்டும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்க் கவிழ்த்துவிடுவாள், விரல் படாது. நான்தான் அந்த அருவருப்பைக் காகிதம் போட்டு மூடி, சோற்றுப் பொட்டலம் போல ஆக்கி வைத்தேன். என் நாக்குக்கு ருசி திரும்ப வேண்டுமே!

குத்திய மறுநாள் விரல் வீங்கியது. மூன்றாம் நாள் கை முழுக்கச் சிவந்தது. எந்தக் கட்டிலின் சீழ் அந்த ஊசியில் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. தினமும் வேலைக்கு வந்தால்தான் வேலை என்பதால் ஒரு வாரம் துணியைச் சுற்றிக்கொண்டே வந்திருக்கிறாள். நல்ல மருந்தெல்லாம் இப்போது பட்டாளத்துக்குத்தான். மிஞ்சியது கத்தி. இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். மற்ற விரல்கள் தப்புமா என்பது இந்த வாரம்தான் தெரியுமாம்.

அந்தப் பார்சலைச் சுற்றியிருந்தது எந்தப் பத்திரிகை என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

அங்கம்மாவுக்கு யார் மேலும் கோபம் இல்லை. ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது.

“யாரோ ஒரு பெரிய மனுசர் வாளி கூடாதுன்னு பேப்பர்ல எழுதினாராம். நீங்க குப்புறப் படுத்தபடியே எப்பவும் எழுதிக்கிட்டு இருப்பீங்களே ஐயா, அவரைத் தெரியுங்களா?”

“ஓம், தெரியும்” என்றேன்.

“வாளியத் திரும்ப வைக்கச் சொல்லி எழுதச் சொல்லுங்க. எனக்குப் பதிலா வந்திருக்குற பொண்ணும் பிள்ளைக்காரிங்க.”

சொல்லுகிறேன் என்றேன். அந்தப் பெரிய மனிதர் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. உங்களிடம் வாரா வாரம் இவ்வளவு பேசுகிற வாய்!

எழும்பும்போதுதான் கவனித்தேன். அந்த இலவச வார்டின் நடுவில் வாளி நின்றது. அதே எனாமல் வாளி. இங்கே படுத்திருக்கும் பெண்களின் சாப்பாடு கெட்டுப்போகிறது என்று எந்தப் பெரிய மனிதரும் எழுதவில்லை. அதனால் அங்கே கூட்டுகிறவளின் பத்து விரல்களும் பத்திரமாக இருக்கின்றன.

நேரே பெரிய டொக்டரின் அறைக்குப் போனேன். கை குலுக்கினார். நாற்காலி போடச் சொன்னார். ஆங்கிலத்தில்தான் பேச்சு. உங்கள் யோசனைக்கு ஏகப்பட்ட பாராட்டு என்றார். அங்கம்மாவைப் பற்றிச் சொன்னேன். அது தெரியும், வருத்தமான விஷயம்தான் என்றார். ஆனால் பார்சல்களைப் பிரிக்கக் கூடாது என்று தெளிவாக நோட்டீஸ் போட்டிருக்கிறதாம். கட்டளையை மீறியவள் அவளாம். ஆகவே குணமானாலும் திரும்ப வேலைக்கு எடுப்பது கஷ்டமாம்.

அந்த நோட்டீஸை வரும்போது நானும் பார்த்தேன். கொட்டை எழுத்தில் ஆங்கிலம். அங்கம்மாவுக்குத் தமிழே வாசிக்கத் தெரியாது.

ஊசியையும் கண்ணாடியையும் தகர டின்னில் தனியாகப் போடலாமே, வாளிக்கு ஒரு மூடி செய்து திரும்ப வைக்கலாமே என்று கேட்டேன். அவர் சிரித்தார். நோயாளிகளுக்குப் பிடிக்காதாம். நீங்களே அழகாக எழுதியிருந்தீர்களே என்றார். பிறகு ஒரு நல்ல சேதி சொல்வது போலச் சொன்னார். அடுத்த மாதத்திலிருந்து இலவச வார்டுகளிலும் வாளியை எடுத்துவிட்டுப் பார்சல் முறையே கொண்டுவரப் போகிறார்களாம்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் மேசையைக் கவிழ்த்திருக்க வேண்டும். எழும்பி, நன்றி சொல்லிவிட்டு வந்தேன். கனவானாகப் பழகிவிட்டால் இப்படித்தான். ஆகையால் டொக்டர் ஐயா, இங்கே எழுதுகிறேன், கிளார்க் பெயர்த்துக் கொடுக்கட்டும். முன்பு எழுதியது தப்பு. வாளியைத் திரும்ப வையுங்கள். மூடியோடு வையுங்கள். ஊசிக்குத் தகரம் வையுங்கள். அங்கம்மாவுக்கு வேலை கொடுங்கள். விரலை எடுத்தது ஆஸ்பத்திரி, அதற்கு வழி செய்தது என் பேனா. அவள் மேல் குற்றம் இல்லை.

மத்தியானம் வீட்டுக்கு வந்து கனகத்திடம் எல்லாம் சொன்னேன். சோறு போட்டுக்கொண்டிருந்தவள் அகப்பையைக் கீழே வைத்துவிட்டாள். நான் அங்கே படுத்திருந்த நாளெல்லாம் மிச்சத்தைச் சுற்றிக் கட்டி வைத்தவள் அவள்தானே.

பிறகு கேட்டாள்:

“அதை நாங்கள் ஏன் ஒரு நாளாவது அவவின்ர கையில குடுக்கேல்லை?”

பதில் எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். உங்களுக்கும் தெரியாதா என்ன? அங்கம்மா பக்கத்தில்தான் நிற்பாள், கையை நீட்டினால் வாங்கிக்கொள்வாள். ஆனால் அவள் விரல் எங்கள் விரலில் பட்டுவிடும். அதற்காகத்தான் இந்தக் காகிதம், நூல், கால்மாடு எல்லாம். டொக்டர் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. நாங்கள் சோற்றுக்குச் செய்ததை அவர் சீழுக்குச் செய்தார்.

அவளைத் தொட்டால் எங்களுக்கு ஏதாவது ஒட்டிவிடும் என்று பதினெட்டு நாளும் பயந்திருந்தோம்... ஒட்டத்தான் செய்தது. எங்களுடையது, அவளுக்கு.