ஸ்ஃபிக்மோமனாமிட்டரின் சாவி

எழுபதுகளில் செங்கல்பட்டில் ஒரு நர்சிங் ஹோமில் நர்ஸாகச் சேர்ந்தேன். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை ஊரே பிபி மெஷின் என்றது. எங்கள் பெரிய டாக்டருக்கு மட்டும் அது கெட்ட வார்த்தை. லண்டனில் இரண்டு வருடம் படித்துவிட்டு வந்தவர். பாதரசம் சிந்திவிடும் என்று கருவியை அலமாரியில் பூட்டி, சாவியைக் கோட்டுப் பையில் வைத்துக்கொள்வார். கருவியின் முழு இங்கிலீஷ் பெயரைச் சரியாகச் சொன்னால்தான் சாவி கிடைக்கும். கோவிலில்கூட இவ்வளவு அர்ச்சனை கேட்கமாட்டார்கள்.

"ஒடைச்சு ஒடைச்சு சொல்லும்மா நூர்ஜஹான். ஸ்ஃபிக், மோ, ம, நா, மி, ட்டர். நாலாவதுல அழுத்தம்" என்பார்.

நான் சேர்ந்த முதல் வாரமே, மாமல்லபுரம் பக்கத்து மீனவக் குப்பத்திலிருந்து செல்வி என்ற நிறைமாதக் கர்ப்பிணியை அவள் அம்மா பஸ்ஸில் அழைத்து வந்தார். செல்வியின் முகமும் காலும் வீங்கியிருந்தன.

"தல வெடிச்சிடும் போல கீதும்மா. கண்ணு இருட்டிக்கினு வருது" என்றாள்.

நிறைமாதத்தில் ரத்த அழுத்தம் ஏறினால் இப்படித்தான் ஆகும்; வலிப்பு வந்துவிட்டால் தாயும் பிள்ளையும் பிழைப்பது கடினம். ரவுண்ட்ஸுக்கு வந்த டாக்டரிடம் ஓடி, "சார், பிபி மெஷின் வேணும்" என்றேன்.

"என்ன வேணும்?" என்றார், நிதானமாக.

"ஸ்ஃபிக்மோ... மனோ..."

"அழுத்தம் எங்கே? முதல்லேர்ந்து சொல்லு."

மறுபடியும் தொடங்கினேன். 'ம'வைத் தாண்டவில்லை. செல்வியின் அம்மா நேராக வந்து டாக்டரின் கோட்டுப் பையில் கை விட்டுச் சாவியை எடுத்து என்னிடம் தந்தார்.

"பேர அப்பறமா வெச்சிக் கொஞ்சிக்கோ, நைனா. எம் பொண்ண மொதல்ல பாரு."

அளந்து, பிபி எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது என்று சொன்னேன். டாக்டரின் முகம் மாறியது. குறை சொல்லக்கூடாது, அதற்குப் பிறகு மின்னலாக வேலை செய்தார். ஊசி போட்டு, உடனே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார். இருவரும் பிழைத்தார்கள். நான் டியூட்டி ரூமில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் டாக்டருக்குக் கௌரவம் நினைவுக்கு வந்தது.

"யாரைக் கேட்டும்மா என் பையில கை விட்டே?" என்றார் செல்வியின் அம்மாவிடம்.

"உன்னக் கேட்டிருப்பேன். பையிக்கும் இன்னா பேரு வெச்சிகிறியோன்னு பயந்துட்டேன்" என்றார் அந்த அம்மா.

அன்று மதியமே கருவி வார்டு மேசைக்கு வந்துவிட்டது. பிற்பாடு நான் பயிற்சி கொடுத்த பெண்களுக்கெல்லாம் இதைத்தான் சொன்னேன்: கர்ப்பிணி தலைவலி என்றால் உடனே பிபி பாருங்கள். இங்கிலீஷ் எங்கேயும் போகாது. ஆள்தான் போய்விடுவார்.