சோதனை மூன்றின் பெயர்

அரக்குச் சிவப்பு நூலை வெள்ளைப் பட்டோடு முறுக்கி இடது மணிக்கட்டில் கட்டிக்கொண்டு வெயிலில் நடந்துகொண்டிருந்தார். வியர்வை இறங்க வேண்டும். சோப்புக்கும் கொதிநீருக்கும் கிண்ணங்கள் உண்டு. வியர்வைக்குக் கை மட்டும்தான்.

அப்துல் சத்தார், சின்ன காஞ்சிபுரத்து நெசவாளர் சங்கமொன்றில் சாயம் சோதிப்பவர். முன்பெல்லாம் சோதனைக்கு ஒரு சீட்டு, அதன் தலையில் ஒரு முழு வாக்கியம்: ‘வியர்வை பட்டால் அரக்கு வெள்ளையில் ஏறக்கூடாது.’ எழுதுமுன் கண்ணை மூடிக்கொள்வார். புடவை போகுமிடம் தெரியுமாம். கல்யாணக் கூடம், ஓமப் புகை, ஈரமான ஒரு கழுத்து. பெயர் அங்கிருந்து மெல்ல வரும்.

“பேரைப் படிச்சா என்னா பண்ணோம், என்னா ஆவக்கூடாதுன்னு தெரியணும்பா. இல்லாங்காட்டி எதுக்குப் பேரு?” என்பார்.

இந்த ஆண்டு செயலாளர் பரசுராமன் அட்டை அச்சடித்தார். சோதனை 1, சோதனை 2, சோதனை 3. “கதை எழுதிக்கினு இருக்காதீங்க பாய். டிக் அடிச்சா போதும்.”

போன வாரம் சாயக்காரர் குப்புசாமியின் அரக்குக்கு, சோதனை மூன்றில் பெருக்கல் குறி விழுந்தது. மறுபடி தவறினால் சங்கத்து நூல் இனி அவருக்கில்லை. அவரிடம் இருப்பது இரண்டு தொட்டி, இரண்டிலும் சங்கத்து நூல்தான்.

சாயக்காரர்கள் முதல் அலசலையும் ஒன்று என்று எண்ணுவார்கள். அலசல் ஒன்று, கொதிநீர் இரண்டு, சோப்பு மூன்று. குப்புசாமி சோப்புக்குத் தாங்கும்படி நூலை மறுபடி முக்கியெடுத்தார். அந்த நூல்தான் இப்போது சத்தாரின் கையில்.

“ரெண்டு நாளா சோப்புல போட்டுக் கும்மிக்கினு இருந்தேன் பாய். ஒரு சொட்டு எறங்கல!” சத்தார் சங்கத்துக்குத் திரும்பியதும் குப்புசாமி வாசலிலேயே சிரித்தார்.

சத்தார் முடிச்சை அவிழ்த்தார். வெள்ளை நூல், விடிகாலை வானம்போல் லேசாகச் சிவந்திருந்தது.

“சோப்பா? அட்டையில கொதிதண்ணி ஒண்ணு, சோப்பு ரெண்டு. மூணு வேர்வைப்பா.”

குப்புசாமி உட்கார்ந்துவிட்டார்.

“ரெண்டாந்தடவை,” என்றார் பரசுராமன், பேனாவை எடுத்தபடி. “ரூல்ஸ் தெரியுமில்ல?”

“இன்னாத்துல தவறுச்சுன்னு அவருக்கு இன்னும் சொல்லவே இல்லியே சார். இப்பத்தான் சொல்றேன். இதான் மொத தடவை.”

சத்தார் அட்டையை வாங்கி, கட்டங்களின் மேலேயே குறுக்காகப் பழைய சீட்டின் அந்த வியர்வை வாக்கியத்தை எழுதினார். குப்புசாமி அதை உதடசைத்துப் படித்தார். பரசுராமன் பேனாவை மூடினார்.

“ஒரு அட்டை வீணு,” என்றார். “செவ்வாக்கெழம புதுசா முக்கின நூலைக் கொண்டாரச் சொல்லுங்க.”

மறுநாள் குப்புசாமியின் சாயத்தொட்டிக்குக் கீழே அடுப்பு எரிந்தது. சத்தார் ஒன்பது மணிக்குச் சங்கத்துக்கு வந்தார். அட்டைக் கட்டை யாரோ அவர் மேசையில் கவிழ்த்து, வெற்றுப் பக்கம் மேலாக வைத்திருந்தார்கள். ஒரு முழு வாக்கியம் எழுத இடமிருந்தது. பேனாவுக்கு மை ஊற்றினார்.