கட்டி இழுக்க ஒரு வண்டி

சாயப்பட்டறையிலிருந்து நல்லூரில் உள்ள எங்கள் தையல் யூனிட்டுக்குத் துணி கொண்டுவந்து கொடுப்பவர் அவர். வெள்ளைச் சட்டை, பெரிய மீசை, கையில் எப்போதும் ஒரு பனியன் வேஸ்ட் துணி. தன் பிக்கப் வண்டி எங்கே நின்றாலும் இறங்கி பானெட்டைத் துடைப்பார். அது எங்கே வேண்டுமானாலும் நிற்கும் என்பதால் பானெட் கண்ணாடி மாதிரி மின்னும்.

கிளட்ச் போனால் ரோட்டைத் திட்டுவார். பம்ப் போனால் டீசலைத் திட்டுவார். ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரர் கண்ணையே திட்டினார். வண்டியை மட்டும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்.

நானும் ஒரு பிக்கப் எடுக்கலாமா என்று அவரிடம் கேட்டேன்.

"வண்டி தங்கமுங்க! கண்ண மூடிட்டு எடுங்க. நானே இதுலயே இன்னொண்ணு புக் பண்ணியிருக்கறனுங்க."

"இருக்கற ஒண்ணே பாதி நாள் ஒர்க்ஷாப்புலதானுங்க நிக்குது?"

"அதுக்குத்தானுங்க! ஒண்ணு நின்னுபோச்சுன்னா கட்டி இழுக்க இன்னொண்ணு வேணுமில்லீங்களா?"

போன வாரம் மதியமாகியும் துணி வரவில்லை. டெய்லர்கள் மெஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பைக்கில் தேடிப் போனேன். அவிநாசி ரோட்டில் இரண்டு வண்டிகளும் கயிற்றால் கட்டப்பட்டு நின்றன. இழுக்க வந்த புது வண்டி பானெட்டைத் திறந்துகொண்டு புகைந்துகொண்டிருந்தது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்னால், எங்கள் துணியோடு நின்றுபோயிருந்த பழைய வண்டியை வாஞ்சையாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இத்தன வருசத்துல இது ஒரு நாளாவது பொகஞ்சிருக்குமாங்க?" என்றார். "பழசோட அருமை இப்பத்தானுங்க தெரியுது."