ஓடுகிற வரியை மறைத்தவர்

சங்ககிரி லாரி ஆபீஸ் வரிசையில் கேபிள் டிவி சின்னண்ணனைத் தெரியாதவர் கிடையாது. வயதைக் கேட்டால்கூட அந்த விளையாட்டுச் சேனலை வைத்துத்தான் சொல்வார். சேனல் இலவசமாக வந்த காலத்தில் அவருக்கு இருபத்து மூன்று. கோழிப் பண்ணை வேலையை உதறிவிட்டு மொட்டைமாடியில் டிஷ் நிறுத்தினார். காசு கட்டினால்தான் படம் என்று சேனல் மாறிய வருஷம் மாரக்காளைக் கட்டினார். அப்போது காசு கட்டிய படத்தைத் திறந்து காட்ட ஊருக்கே ஒரு டீகோடர் பெட்டிதான். அது பழுதான அன்று, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சேலம் பஸ்ஸில் உட்கார்ந்து போனார். கைக்குழந்தையோடு மாரக்காள் பக்கத்தில் நின்றுகொண்டே வந்தாள். இன்றைக்கும் அதைச் சொல்லிக்காட்டாமல் விடமாட்டாள்.

அப்புறம் சேனல் இரண்டு கை மாறியது, மூன்று பெயர் வைத்துக்கொண்டது, தமிழ் பேசக் கற்றுக்கொண்டது. முதலாளி எந்த நாட்டுக்காரர் என்று சின்னண்ணனுக்குத் தெரியாது. முதலாளிக்கும் சின்னண்ணனைத் தெரியாது. அந்த வகையில் சரிக்குச் சரி.

செல்போன் வந்ததும் வீடுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. மிஞ்சியது முப்பத்தெட்டு இணைப்பு. எல்லாம் லாரி ஆபீஸும் பட்டறையும் மெஸ்ஸும்தான். லோடுக்குக் காத்துக்கிடக்கும் டிரைவர்கள் மேட்சைக் கூட்டமாக உட்கார்ந்து பார்ப்பார்கள். அந்த ஒரு சேனலுக்காகத்தான் அங்கே கேபிளே. அது போனால் சின்னண்ணன் பிழைப்பும் போயிற்று.

போன மாதம் திரையின் அடியில் ஒரு வரி ஓட ஆரம்பித்தது. முப்பத்தொன்றாம் தேதியோடு சேனல் நிறுத்தப்படுகிறது, போட்டிகளை இனி செல்போன் ஆப்பில் மட்டும் காணலாம். ஐம்பத்தைந்து வயதில் எந்தப் பண்ணைக்குப் போய் முட்டை பொறுக்குவது?

கேபிள்காரர்கள் திரையடியில் உள்ளூர் விளம்பரப் பட்டை ஓட்டுவது வழக்கம்தான். சின்னண்ணன் தன் பட்டையை இரண்டு மடங்கு அகலமாக்கினார். நகைக்கடையும் டயர் கடையும் இடைவிடாமல் ஓடின. சேனல்காரன் வரி அதற்கடியில் புதைந்தது. முப்பத்தொன்றுக்குள் சேனல்காரர்கள் மனசு மாறிவிடுவார்கள் என்று நம்பினார், பாவம்.

"ஏனுங்க, சொல்லிப்போடுங்க. நாளைக்கு அவங்க மூஞ்சில எப்புடி முழிக்கறது?" என்றாள் மாரக்காள்.

"சொன்னா இன்னைக்கே அத்தனை பேரும் கழட்டிருவாங்க. நீ சும்மா இரு."

இருபத்தெட்டாம் தேதி மெஸ்கார குழந்தைவேல் போன் செய்தார். "அண்ணா, ஒண்ணாந்தேதி மேட்சுக்குன்னே ஊட்டு எருமைய வித்துப்போட்டுப் பெரிய டிவி வாங்கீட்டேனுங்க. நீங்க வந்துதான் மாட்டிக் குடுக்கோணும்."

உண்மை வாய்வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டார். போய் டிவியை மாட்டினார், ஒயரை இழுத்தார், குழந்தைவேல் வற்புறுத்தி வைத்த பரோட்டாவையும் தின்றார். வீட்டுக்கு வந்து, தன்னைப்போல ஈனப்பிறவி உண்டா என்று தலையிலடித்துக்கொண்டார். போனை எடுத்து விஷயத்தைச் சொல்ல மட்டும் கை வரவில்லை.

ஒன்றாம் தேதி பொழுது சாயும்போது மெஸ் நிரம்பி வாசல்வரை ஆட்கள். பெரிய திரை கறுப்பாகக் கிடந்தது. அடியில் நகைக்கடை விளம்பரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சின்னண்ணனுக்கு ஆள் போயிற்று. வராமல் இருக்க முடியவில்லை.

"விளம்பரம் வருது, படம் வல்லீங்கண்ணா. கம்பத்துல ஏதோ லூசாட்ட இருக்குது. சித்த ஏறிப் பாருங்க" என்றார் குழந்தைவேல். அவருக்குத் துளிக்கூடச் சந்தேகம் இல்லை.

அந்த நம்பிக்கைதான் சின்னண்ணனைக் கொன்றது. கம்பத்தில் ஏணியைச் சாத்தி ஏறினார். கீழே நின்றவர்கள் செல்போன் வெளிச்சத்தை அவர் கைக்கு நேராகப் பிடித்தார்கள்.

"அண்ணன் ஏறிட்டாப்ல. இப்ப வந்துரும் பாரு" என்றார் ஒரு டிரைவர்.

சின்னண்ணன் நன்றாக இருந்த இணைப்பைக் கழற்றினார். துடைத்தார். திரும்ப மாட்டினார்.

"வந்துருச்சா?" என்று மேலேயிருந்து கேட்டார்.

"இல்லீங்கண்ணா."

மறுபடியும் கழற்றினார்.